பிரேக் அக்காவும் சலூன்காரரும்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பாதி, அந்தத் திட்டுக்குப் பயந்து வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அவள் ஸ்கூல் போர்டில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததோடு சரி, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "பிரேக்! பிரேக்! பிரேக்க மிதிங்கன்றேன்!" என்று அவள் போடுகிற சத்தத்தில் தெருவில் நடந்து போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளுக்கு அதில் கோபம் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பேர்ப்பட்ட குரல் கம்மிப்போனபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்துகிற தொண்டை கம்மத்தானே செய்யும் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். வெந்நீர் குடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், மருந்துக்கடைக்காரர் கொடுத்த மிட்டாயை எல்லாம் சப்பித் தீர்த்தாள். கடைசியில் ஒரு மாணவி, "அக்கா, நீங்க திட்டறது ஒண்ணுமே புரியல, கொஞ்சம் சத்தமா திட்டுங்க" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் டாக்டரிடம் போனாள்.

குரல்வளையில் புற்றுநோய்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கிற ரகம் இல்லை. "நல்லா வளந்துடுச்சு. குரல்வளைய முழுசா எடுக்கணும். எடுத்துட்டா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு, அதை நான் தைரியமா சொல்வேன். ஆனா உங்க குரல் திரும்ப வராது. கழுத்துல ஒரு துளை போட்டு அது வழியா மூச்சு விடுவீங்க. பேசறதுக்கு வேற வழி இருக்கு, பழகிக்கலாம். யோசிங்க, திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல தள்ளினா அது எனக்கும் நல்லது இல்ல, உங்களுக்கும் நல்லது இல்ல."

திரும்பி வரும்போது அவள்தான் காரை ஓட்டினாள். பக்கத்தில் அவள் கணவர். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை வைத்திருப்பவர். சுபாவத்திலேயே பேச்சு குறைவு. வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் மனைவியின் கணக்கில் எழுதிவிட்டவர். அன்றைக்கு அந்தக் குறைந்த பேச்சும் நின்றுபோயிருந்தது.

"ஏதாவது சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அவள், கரகரத்த குரலில்.

"ஆபரேஷன் பண்ணிக்கோ" என்றார்.

"பண்ணிக்கிட்டு? குரல் இல்லாம எப்படி வண்டி சொல்லிக்கொடுக்கறது?"

அவர் மடியில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

கேட்பவர்களிடமெல்லாம் அவள் தொழிலைத்தான் சொன்னாள். உண்மையில் அவள் பயம் அதைவிடக் குறிப்பானது. கண்ணை மூடினால் ஒரே காட்சி வந்தது. யாரோ சாலையில் குறுக்கே வருகிறார்கள். ஸ்டீயரிங் பிடித்திருக்கிற மாணவி உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பிரேக் அக்கா வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. அதற்கப்புறம் நடப்பதை அவளால் பார்க்க முடியாது, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். கத்த முடியாத டிரைவிங் டீச்சர் யாரையாவது கொன்றுவிடுவாள் என்று அவள் சத்தியமாக நம்பினாள். அந்த வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பதில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதையும் அவள் நேர்மையாகவே கேட்டுக்கொண்டாள்.

இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் கூடுவார்கள், ஒரு தடவை வந்து பாருங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"நோயாளிங்க எல்லாம் வட்டமா உக்காந்து அழறத நான் வேற போய் வேடிக்கை பாக்கணுமா? என்னால முடியாது" என்றாள் பிரேக் அக்கா.

வியாழக்கிழமை மாலை கணவர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்தார். ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தார். "நீ வர வேண்டாம். நானே ஓட்டிட்டுப் போய் என்னன்னு கேட்டுட்டு வரேன்" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊரையே ஓட்ட வைத்த பிரேக் அக்காவிடம் தேறாத ஒரே மாணவர் அவர்தான். கடைசியாக அவர் கார் ஓட்டியபோது முனிசிபல் குப்பைத்தொட்டி ஒன்று உருமாறிப் போனது. வாசல் வரை போனவரை அவள் ஓடிப் போய்த் தடுத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி முணுமுணுத்துக்கொண்டே தானே ஓட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

பிசியோதெரபி பிரிவுக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. மூலையில் பெரிய பெரிய ரப்பர் பந்துகள், சுவரோரம் கைப்பிடிக் கம்பிகள், நடுவில் வட்டமாக பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பத்துப் பேர். எல்லோருடைய கழுத்திலும் ஒரு துணியோ சின்ன மூடியோ இருந்தது. யாரும் அழவில்லை. அவளுக்கு அதுவே கொஞ்சம் ஏமாற்றம்.

காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். அவள் ஊதி ஊதிக் குடித்தாள். இரண்டு மடக்கு குடித்த பிறகுதான், அந்த அறையில் ஊதுகிறவள் தான் ஒருத்திதான் என்பது உறைத்தது. அவளும் அவள் கணவரும் தவிர மற்றவர்கள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு டீ ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். மூச்சு கழுத்து வழியாகப் போய் வருகிறவர்கள் வாயால் எதை ஊதுவது? கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

அப்போது எதிரே இருந்த வக்கீல், டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடையின் அடியில் வைத்துக்கொண்டு பேசினார். இயந்திரம் பேசுவது போல ஒரே சுருதியில் வந்தது. "இருபது வருஷம் கோர்ட்ல கத்தினேன், ஜட்ஜ் கொட்டாவி விடுவார். இப்ப நான் வாயைத் திறந்தா மொத்த கோர்ட்டும் மூச்சு விடாம கேக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தமே இல்லை. தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்தது, ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டார். சத்தமில்லாத அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்ததால் வந்த நீர் மட்டும் இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கழுத்து மூடியின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தி, மூச்சைத் தொண்டைப் பக்கம் திருப்பி, கனத்த, கொஞ்சம் நனைந்த குரலில் பேசினார். "நீங்க அந்த டிரைவிங் ஸ்கூல் அக்காதானே? நான் சலூன் வச்சிருக்கேன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. உங்க சத்தம் எங்க கடை வரைக்கும் வரும்."

"வந்துட்டு இருந்துச்சு" என்றாள் அவள்.

"நான் வண்டி ஓட்டக் கத்துக்கணும். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே போய் முடி வெட்டறேன். மச்சான் பழைய வேன் ஒண்ணு தரேன்னு சொல்றார். லைசென்ஸ்தான் இல்ல. ரெண்டு ஸ்கூல்ல திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க பேசணும்னா கை கழுத்துக்குப் போகுது, ஸ்டீயரிங்க யார் பிடிப்பான்னு கேக்கறாங்க."

மற்ற ஸ்கூல்காரர்கள் ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினார்கள் என்று காதில் விழுந்ததும் பிரேக் அக்காவுக்குத் தன் நோய் மறந்துபோனது. "அவனுங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலன்னு சொல்லுங்க! நாளைக்குக் காலைல வாங்க. என்கிட்ட வந்து ஓட்டாத ஆளே கிடையாது."

கணவர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். அவள் முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் பாடம் ஆரம்பித்தது. சலூன்காரர் நிதானக்காரர். கிளட்சை விடுகிற பதம் இரண்டே தடவையில் பிடிபட்டுவிட்டது. கத்தரி பிடித்த ஆளுக்குப் பதம் சொல்லித்தர வேண்டுமா என்று அவளுக்கே மெச்சத் தோன்றியது. மாணவர்களை மெச்சுகிற பழக்கம் இல்லாததால் சொல்லவில்லை. துணிந்து ரவுண்டானா வரைக்கும் ஓட்டவிட்டாள்.

ரவுண்டானாவில் நுழையும்போது வழக்கம் போல, "கண்ணாடியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

சலூன்காரர் மரியாதை தெரிந்தவர். ஒரு பெண் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பாரா? ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து, கழுத்தில் விரலை வைத்து, "பாத்தேங்க" என்றார். வண்டி நேராக நடுவில் இருந்த பூச்செடிகளை நோக்கிப் போனது. குலுங்கி நின்றது. "பிரேக்!" என்று கிழிந்த குரலில் கத்தினாள் பிரேக் அக்கா. "கைய ஏங்க எடுத்தீங்க?"

இதுவும் கேள்விதானே. அவர் மறுபடி கையைத் தூக்கினார். "நீங்க கேட்டீங்களே."

பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு வழியாக ஓரங்கட்டி நிறுத்தினார்கள். அவர் நிதானமாக விளக்கினார். "முப்பது வருஷமா சலூன்ல நிக்கறேன். ஒருத்தர் கேட்டு நான் பதில் சொல்லாம இருந்ததே இல்ல. அக்கா, தப்பா நினைக்காதீங்க, நீங்க கேள்வி கேக்காம சொல்லிக்கொடுங்க."

அது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தாள். பத்து நிமிஷத்தில் வியர்த்துவிட்டது. அவள் வாயில் வருவதெல்லாம் கேள்வியாகத்தான் இருந்தது. பாத்தீங்களா, மிதிச்சீங்களா, கண்ணு தெரியுதா, யார் வீட்டு ரோடுன்னு நினைப்பு? திட்டுகூடக் கேள்வியாகத்தான் வந்தது. பல்லைக் கடித்து ஒவ்வொன்றாக விழுங்கினாள். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தி, கையால் காட்டினாள்: உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் மெதுவாக, விரல் நீட்டிய பக்கம் திரும்ப, கண்ணாடியைத் தொட்டால் அதைப் பார்க்க. சலூன்காரர் கடைக்கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தே வாடிக்கையாளரின் மனசைப் படிக்கிற தொழில் அல்லவா.

சனிக்கிழமை கடைத்தெருவுக்குள் விட்டாள். சாமான் இறக்குகிற லாரிகள், சைக்கிள்கள், வண்டிக்கு வழிவிடுவதைத் தன்மானப் பிரச்சினையாக நினைக்கிற ஜனங்கள். நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து, தலையில் மெத்தையைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். மெத்தைக்கு அடியில் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவருக்குக் கார் தெரிய வழியில்லை. சலூன்காரர் உறைந்துபோனார்.

பிரேக் அக்கா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. கண்ணை மூடினால் வருமே, அதே காட்சி.

கார் நின்றது. மெத்தைக்காரர் எதுவும் தெரியாமல் சாலையைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்.

சலூன்காரர் ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். அவள் மெதுவாகக் குசுகுசுத்தாள்: "பாத்தீங்க இல்ல? சத்தம் வரல. இதுக்குத்தான் பயந்தேன். சத்தம் வரல."

அவர் விரலைக் கழுத்தில் வைத்தார். "சத்தம் வரலக்கா. வண்டி நின்னுடுச்சே."

"நீங்க மிதிச்சீங்க."

"நானா? என் கால் கிளட்ச்லயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உங்க பக்கத்து பிரேக்கப் பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்கூல் கார்களில் டீச்சர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவளுடைய கால் அதை இன்னும் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது. எப்போது மிதித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நேத்து ரவுண்டானாலயும் இதேதான்" என்றார் அவர். "வண்டி நின்னப்புறம்தான் நீங்க கத்தினீங்க. நான் கவனிச்சேன்."

"சும்மா உளறாதீங்க."

உளறல் இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது. இத்தனை வருஷத்தில் தப்பிய மாடுகள், நாய்கள், ஸ்கூட்டர்கள், ஒரு தபால்காரர் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாவற்றிலும் கால் முதலில், வாய் அப்புறம். மாணவிகளின் கால் அவள் சத்தத்துக்கு ஒரு தடவைகூட நேரத்தில் பிரேக்கைத் தேடிப் பிடித்ததில்லை. அவளுக்கு முதலில் நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்ப இத்தனை வருஷமா நான் எதுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தினேன்?"

சலூன்காரர் யோசித்தார். "நாங்க முடி வெட்டறப்ப, நடுநடுவுல கத்தரிய வெறும் காத்துல சக்சக்னு ஆட்டிக்கிட்டே இருப்போம். அங்க முடியே இருக்காது. அந்தச் சத்தம் இருந்தாத்தான் வேலை நடக்குதுன்னு கஸ்டமருக்கு ஒரு நம்பிக்கை, நமக்கும் ஒரு தெம்பு. அது மாதிரிதான்னு வச்சுக்கோங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனால் வயிறு வலித்தது.

லாரிக்குப் பின்னால் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். இன்ஜினை அணைத்தாள். வண்டி நிற்கும்போது கேள்வி கேட்கலாம். வியாழக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அந்தக் கிசுகிசுப்பில் கேட்டாள். வலிக்குமா? தூங்க முடியுமா? சாப்பிடுவது எப்படி? வீட்டுக்காரம்மா என்ன சொன்னாங்க? அவர் ஒவ்வொன்றுக்கும் விரலை வைத்துப் பதில் சொன்னார், அவசரமே இல்லாமல்.

"பொய் சொல்ல மாட்டேன். முதல் மாசம் ரொம்பக் கஷ்டம். கண்ணாடியில கழுத்தப் பாத்து அழுதேன். என் கடை முழுக்கக் கண்ணாடி, எங்க போய் ஒளியறது? இருமினா கழுத்து வழியாத்தான் சளி வரும், அதுக்குத் துணி வச்சுக்கணும். வாசனை சரியாத் தெரியாது. குளிக்கறப்ப துளைக்குள்ள தண்ணி போகாம பாத்துக்கணும். பொண்டாட்டி முதல்ல பயந்தா, அப்புறம் அவளே சுத்தம் பண்ணக் கத்துக்கிட்டா. ஊர்க்காரங்கதான் வேடிக்கை. எனக்குப் பேச்சுதான் போச்சு, காது போகல. அவங்க என்னடான்னா என் காதுகிட்ட வந்து கத்தறாங்க."

"கடை?"

"முன்னாடி நான் பேசுவேன், கஸ்டமர் தூங்குவாங்க. இப்ப அவங்க பேசறாங்க, நான் வெட்டறேன். ஊர்ல இருக்கற ரகசியம் பூரா என்கிட்டதான் இருக்கு. கூட்டம் குறையல அக்கா."

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு" என்றாள். கணவரிடம், வெளியூரில் இருக்கிற மகளிடம், டாக்டரம்மாவிடம் சொல்லாததை அந்த லாரிக்குப் பின்னால் வைத்துச் சொன்னாள்.

"இருக்கும்" என்றார் அவர். "எனக்கும் இருந்துச்சு. ஆபரேஷன் அன்னிக்கு வக்கீல் வந்து பக்கத்துல உக்காந்தார். உங்களுக்கு நான் வந்து உக்காருவேன்."

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். டாக்டரம்மாவிடம், "எப்ப முடியுமோ அப்ப வச்சுக்கலாம், சீக்கிரமா" என்றாள்.

அன்று மாலை சமையலறையில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "உன் சத்தம் இல்லாம இந்த வீடு எப்படி இருக்கப்போகுதோ" என்றார்.

"உங்களுக்கென்ன, நிம்மதியா இருக்கும்."

"எனக்கு அந்த நிம்மதி வேண்டாம்" என்றார் அவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன வாக்கியங்களிலேயே கனமானது அதுதான். அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெங்காயம் அப்படியே கிடந்தது.

அதன் பிறகு அவள் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியவில்லை. மாணவிகளைக் கூட்டி வைத்து, "ரெண்டு மூணு மாசம் லீவு. அதுக்குள்ள எவளாவது வேற ஸ்கூலுக்குப் போனா நடக்கறதே வேற" என்று மிரட்டினாள். மிரட்டல் கிசுகிசுப்பாக வந்ததில் அவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். ஞாபகத்துக்குக் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம் என்று மகள் கிளம்பி வந்து போனை நீட்டினாள். "இந்தக் கரகரப்பையா? இருக்கறப்ப வாங்கின திட்டு போதாதா உனக்கு?" என்று கையைத் தட்டிவிட்டாள். மகள் அழுதாள், அப்புறம் சிரித்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுபடுக்கையை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். கணவர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கால்மாட்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு சலூன்காரர். சொன்னபடி விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இனி அந்தக் குரல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளும் ஏதோ நல்லதாக ஒன்று யோசித்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அது நினைவில் இல்லை.

"காரை யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கணவரைக் கேட்டாள்.

"நான் இல்ல" என்றார் அவசரமாக. "பொண்ணுதான்."

"அப்ப சரி." அவள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பயம் இருந்தது. பயத்துக்குப் பக்கத்திலேயே, என்ன ஆனாலும் எழுந்து வந்துவிடுவேன் என்ற திமிரும் இருந்தது. வெளியூர் கிளம்புகிறவள் மாதிரி எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள்.

"போயிட்டு வரேன்" என்றாள்.

கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உதடு துடித்தது, ஒன்றும் வரவில்லை. மகளாலும் முடியவில்லை. நல்ல குரல் இரண்டும் அப்படியே நின்றன. சலூன்காரர் ஓரடி முன்னால் வந்தார். விரலைக் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"போயிட்டு வாங்க அக்கா" என்றார்.